ஃபாலோ

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக்கிடந்ததில்
அன்று எல்லோருமே தாமதம்.
டாக்டர், லேப் பெண், கம்ப்யூட்டரில் பதிகிற நான்,
டோக்கன் பதினேழு.

டோக்கன் பதினேழுக்கு வயது பதினாறு.
ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது.
"பத்தொம்போதுன்னு போட்டுக்கம்மா"
என்கிறாள் அவள் அம்மா டெய்சிராணி,
காசிமேட்டில் கூறு விலை சொல்கிற குரலில்.
இறங்கிப் பேசினால்
வியாபாரம் கையை விட்டுப் போய்விடும் என்பதுபோல.

டெய்சிராணிக்கு முப்பத்து மூன்று.
கழித்துப் பார்க்காதே என்று
என் விரல்களுக்குச் சொன்னேன்.
அதற்குள் கழித்துவிட்டிருந்தன.

உயரம் நூற்று நாற்பத்தாறு.
எடை முப்பத்தெட்டு, செருப்போடு.
ரத்தம் ஏழு புள்ளி எட்டு.
"கடைசியாத் தலைக்கு ஊத்துனது எப்பம்மா?"
"ஞாயித்துக்கிழம. ஷாம்பூ போட்டேன்க்கா."
லேப் பெண் சிரித்துவிட்டாள்.
பிறகு வெகுநேரம்
ஊசி உறையைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

தேதியை அம்மாதான் சொன்னாள்:
மாசி மகத்துக்கு முந்தின வாரம்,
சாமி கடலுக்கு வர
தெருவெல்லாம் பந்தல் போட்டிருந்தபோது.

ஜெசிந்தா.
பெயரை இரண்டு முறை கேட்டு அடித்தேன்.
ஒன்பது நகங்களில் பாதி உரிந்த ஊதாப் பாலிஷ்.
வலது நடுவிரலில் மட்டும் ஒன்றுமில்லை.
ஒட்ட வெட்டி, ஓரத்தில் வெள்ளையாய்ப் பவுடர்.
"கேரம் ஆடுவியா?"
"டிஸ்ட்ரிக்ட்ல செகண்ட்க்கா."
அம்மாவைப் பார்க்காமல் அவள் பேசிய முதல் வாக்கியம்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை.
பாலத்துக்கடியில் கிளப்பாம்.
நாலு பெண்களாம், ஒரே போர்டாம்.
மழைக்காலத்தில் போர்டு உப்பிக்கொள்ளுமாம்,
காயின் நகராதாம்.
"ரெட்டு போட்டா மட்டும் ஆவாதுக்கா.
அடுத்து ஃபாலோ போடணும்.
இல்லாங்காட்டி எடுத்து
மறுபடியும் நடுவுல வெச்சிடுவாங்க."
சட்டென்று வயிற்றைத் தொட்டுக்கொண்டாள்.
"இப்பக்கூட, உள்ள யாரோ சுண்டுறாங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒருவன்.
எபினேசர். படகுகளுக்கு ஐஸ் உடைக்கிறவன்.
மாதுளம்பழ ஜூஸ் பாக்கெட்டைப் பிடித்தபடி
உள்ளே வரப் பயந்து
நோட்டீஸ் போர்டில் ஒரே நோட்டீஸைப் படிக்கிறான்.
மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

பதினெட்டுக்குக் கீழே என்றால்
டாக்டர் ஒரு போன் போட்டாக வேண்டும்.
சட்டம்.
நல்ல சட்டம்தான்.
போன வருடம் நாற்பது வயதுக்காரன் ஒருவனை
இதே மேசையிலிருந்து போன போன்தான் பிடித்தது.
அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.
அந்தப் போனுக்கு
ஐஸ் உடைக்கிற கை எது என்று தெரியாது.
தெரிய வேண்டும் என்று
நான் சொல்ல வருகிறேனா?
எனக்கே தெரியவில்லை.
இவளிடம் யாராவது எதையாவது
முதலிலேயே கேட்டிருக்கலாம்.
எபினேசர் கேட்டிருக்கலாம்.
டெய்சிராணியிடமும், அவளது பதினாறில்.

"டெலிவரி எப்பக்கா?"
"நவம்பர் இருபத்தேழு வாக்குல."
நடுவிரலால் மேசைமேல் எண்ணினாள்.
"ஸ்டேட் மேட்ச் டிசம்பர் பதினெட்டு.
அப்ப இருபத்தோரு நாள் இருக்குல்ல?"

இருக்குது என்றேன்.
கணக்கு சரிதானே.

டெய்சிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
முந்தானையில் முடிந்திருந்த நூறு ரூபாயை
அவிழ்த்தாள், முடிந்தாள்.
எனக்குக் கொடுக்கவா, ஆட்டோவுக்கா,
அவளுக்கே நிச்சயமில்லை.

வயதுக் கட்டத்தில் கர்சர்
வந்து வந்து போனது.
ஒன்று. ஆறு.
பன்னிரண்டு இலக்கத்தில் அவளுக்கு ஒரு எண் வந்தது.
அட்டையில் எழுதி,
மேலே "தாய்" என்ற இடத்தில்
ஜெசிந்தா என்று எழுதினேன்.

உள்ளறையில் டாக்டர்
நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கும் சத்தம்.
கூட்ஸ் போய் முடிந்து கேட் திறந்திருக்க வேண்டும்,
எல்லா ஹாரனும் ஒன்றாக.

அவளோ
என் ஸ்டாம்ப் பேட் மூடியை
மேசை விளிம்பில் வைத்து
ஒரு கண்ணைச் சுருக்கி
விரலை மடக்கியிருந்தாள்.